குடிக்காதவருக்கு வைத்த படையல்

எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிக்குமான்னு நான் கண்டக்டர்கிட்ட கேட்டதும் ஒரு மாதிரி திரும்பிப் பாத்தீங்களே, அதுக்குச் சொல்றேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு.

இந்தப் பஸ்ஸு நின்னு நின்னுதான் போகும். பட்டுக்கோட்டை தாண்டணும், ஒரத்தநாடு தாண்டணும், அப்புறந்தான் தஞ்சாவூரு. நீங்க தூங்குறதுன்னா தூங்குங்க. நான் பேசிக்கிட்டேதான் வருவேன். முன்னெல்லாம் இப்படி இல்ல. பஸ்ஸுல ஏறுனா வாயத் தொறக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரு செத்ததுக்கு அப்புறம் இப்படி ஆயிட்டேன். தெரிஞ்சவங்ககிட்டப் பேச முடியல. தெரியாதவங்கன்னா பேச்சு தானா வருது. அழுகைதான் வரல. அது வேற.

எங்க ஊரு அறந்தாங்கிக்குக் கிழக்க, உள்ள போகணும். அங்க வந்து செந்தாமரைன்னு என் பேரைச் சொல்லிக் கேட்டீங்கன்னா ஒண்ணுதான் சொல்வாங்க. புருஷனைக் குடிகாரன் ஆக்குனவள்னு சொல்வாங்க. குடிச்சுக் கெட்ட புருஷனை நீங்க பாத்திருப்பீங்க. ஒரு சொட்டு குடிக்காத மனுஷனை, செத்ததுக்கு அப்புறம் குடிகாரன் ஆக்குன பொண்டாட்டியைப் பாத்திருக்க மாட்டீங்க. பாத்துக்கங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சதுல என்ன தப்புன்னு.

எங்க வீட்டுக்காரரு பேரு அடைக்கலம். வெல்டிங் பட்டறை வச்சிருந்தாக. எங்க பக்கம் எந்த வீட்டு கேட்டைத் தொறந்தாலும் அவுக கைதான். நல்ல ஆளு. கம்பியை ஒத்த ஆளாத் தூக்கித் தோள்ல போடுவாக. ஊர் ஆம்பளைக எல்லாம் சாயங்காலமானா அறந்தாங்கில ஒயின்ஷாப் பக்கம் போவாங்க. இவுக எதுத்தாப்புல கூல்டிரிங்ஸ் கடையில ரோஸ்மில்க் வாங்கிக் குடிச்சிட்டு நிப்பாக. கேலி பண்ணுவாங்க. சிரிச்சுக்குவாக. அந்த வாடையே ஒத்துக்காது அவுகளுக்கு.

அவுகளுக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன்தான். தவமணி. ரொம்பச் சின்னவன். நான் வாக்கப்பட்டு வந்த மறுவருஷம் எங்க மாமியா செத்துட்டாங்க. வயிறு ஊதிச் செத்தாங்க. காலு குச்சியாப் போச்சு, வயிறு மட்டும் பானை மாதிரி. யாரோ சூனியம் வச்சிட்டாங்கன்னு சொல்லிக் கோழி அறுத்துக் கழிச்சாங்க. அப்ப அப்படித்தான். தவமணிக்கு அப்ப ட்ரவுசர் போடுற வயசு. நாந்தான் சோறு போட்டேன், தலை சீவிவிட்டேன், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன். அதனாலதான் சொல்றேன், அவனை நான் ஒதுக்குனேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அவன் ஏசி மெக்கானிக் வேலை கத்துக்கிட்டு கத்தாருக்குப் போறதா இருந்துச்சு. விசா வந்துருச்சு. பெட்டி வாங்கியாச்சு. ஊறுகா போட்டு, பருப்புப்பொடி இடிச்சு, எல்லாம் கட்டி வச்சுட்டேன். மெடிக்கல் மட்டும் பாக்கி. திருச்சியில போய் ரத்தம் குடுத்துட்டு வந்தான். முடிவு சொல்ல வரச் சொன்னாங்கன்னு திரும்பப் போனான். போனவன் மத்தியானமே வந்துட்டான். வந்து அடுப்படி வாசல்லயே நிக்கிறான், உள்ள வரல.

"என்னடா?"

"அன்ஃபிட்டுன்னுட்டாங்க அண்ணி."

"ஏன், கண்ணுல கோளாறா?"

"ரத்தத்துல கிருமி இருக்காம். ஈரல்ல தங்குற கிருமி. ஹெபடைட்டிஸ் பி-யாம்."

"மஞ்சக்காமாலையா? உன் கண்ணு பளிச்சுன்னுதானே இருக்கு?"

"வெளிய தெரியாதாம் அண்ணி. வருசக்கணக்கா உள்ளயே கெடக்குமாம்."

எனக்கு ஒண்ணும் புரியல. கிருமின்னு சொன்னது மட்டும் புரிஞ்சுச்சு. வீட்டுல ரெண்டு புள்ளைக இருக்கு. எம் பொண்ணு இலக்கியா, பையன் கவின். பெத்தவ என்ன செய்வா? மறுநாளே அறந்தாங்கிக்குப் போய் அவனுக்குன்னு ஒரு தட்டு வாங்கிட்டு வந்தேன். மட்டமான தட்டு இல்லம்மா. நல்ல கனமான எவர்சில்வர். அவன் பேரை வெட்டித்தான் வாங்குனேன். டம்ளரும் அப்படித்தான். அவனுக்குத் தனி வாளி, தனி சோப்பு. துணி காயப்போடத் தனியா ஒரு கொடி. புள்ளைகளைச் சித்தப்பாவை ஒட்டி உக்காராதீங்கன்னு சொன்னேன். அவன் சாப்பிடுற எடத்தைக் கொல்லைப் பக்கம் மாத்துனேன். அங்க காத்தோட்டமா இருக்கும்.

அவன் ஒரு நாள் சொன்னான். "அண்ணி, இது சாப்பாட்டுல வராது. தொட்டா வராது. ரத்தத்துலதான் வரும். ஊசி, பிளேடு, அப்புறம் புருஷன் பொண்டாட்டிக்குள்ள. பெத்தவங்ககிட்டேருந்து பொறக்கும்போதே வரும். டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாரு."

"அதுக்கில்லப்பா, ஒரு சுத்தத்துக்குத்தான்"னு சொன்னேன்.

அதுக்கப்புறம் அவன் தட்டைக் கழுவிக் கொல்லையிலேயே கவுத்து வச்சிட்டுப் போயிருவான். ஆனா ஒண்ணு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே ரேசர்லதான் ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அதை நான் கவனிக்கல. பாத்ரூம் மாடத்துல இருந்தது. ஆம்பளைக சாமான், நான் எதுக்குப் பாக்கப் போறேன்.

இருங்க, டிக்கெட்டைக் கேக்குறாரு பாருங்க. செக்கிங்காம். இந்தாங்க சார்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ம். தவமணி தஞ்சாவூருக்குப் போய்க் காட்டிக்கிட்டான். அங்க டாக்டர் சொன்னாராம், உங்க அம்மா எப்படிச் செத்தாங்கன்னு கேட்டுட்டு, அந்த அம்மாவுக்குப் பொறந்த எல்லாரும் டெஸ்ட் எடுக்கணும்னு. இருந்தா ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து ஸ்கேன் பாக்கணும், தேவைன்னா மாத்திரை இருக்கு, வீட்டுல அது இல்லாதவங்களுக்குத் தடுப்பூசி இருக்கு, பயப்பட ஒண்ணும் இல்லன்னு. இதை அவன் வந்து அவுக அண்ணன்கிட்டச் சொன்னான். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக.

"சரிடா, நாளைக்குப் போவோம்"னாக. அவ்வளவு லேசாச் சொன்னாக, என்னமோ சந்தைக்குப் போற மாதிரி.

மறுநாள் காலையில குளிச்சுட்டு, வெளிய போற சட்டை போட்டாக. தவமணி வாசல்ல வண்டியத் தொடச்சுக்கிட்டு இருக்கான். நான் உள்ள கூப்பிட்டுச் சொன்னேன். "தம்பிக்கு வந்தது வந்துருச்சு. அது விசாவோட போச்சு, வெளிய யாருக்கும் தெரியாது. நீங்களும் போய் உங்களுக்கும் இருக்குன்னு ஆயிட்டா, குடும்ப வியாதின்னு பேராயிரும். இலக்கியாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்ல மாப்பிள்ளை பாக்கணும். யாரு வருவா? நீங்க நல்லாத்தானே இருக்கீக? ஒரு நாள் காய்ச்சல்னு படுத்திருக்கீகளா?"

அவுக சட்டையக் கழட்டி ஆணியில மாட்டுனாக. பட்டறைச் சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய போய், "வேலை கெடக்குடா, இன்னொரு நாள் பாப்போம்"னு தவமணிகிட்டச் சொன்னாக. அவன் என்னையத்தான் பாத்தான்.

இன்னொரு நாள் வரல. யாரும் பேச்செடுக்கல. தவமணி தஞ்சாவூர்லயே ஒரு ஏசி சர்வீஸ் கடையில வேலைக்குச் சேந்து அங்கயே ரூம் எடுத்துத் தங்கிட்டான். நான் போகச் சொல்லல. அவனாத்தான் போனான்.

பொண்ணைப் பெத்திருந்தா உங்களுக்குப் புரியும். உங்களுக்குப் பொண்ணு இருக்கா? சரி, வேணாம்.

ரெண்டு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் அவுக மெலிஞ்சாக. வெல்டிங் சூடுன்னு நினைச்சோம். சோறு எறங்கலன்னாக. வெயில்னு நினைச்சோம். வலது விலாவுல கீழ ஒரு வலி, யாரோ உள்ளேருந்து அமுத்துற மாதிரி இருக்குன்னாக. கேட்டைத் தூக்குனதுல சதை புடிச்சுக்கிச்சுன்னு நான் எண்ணெய் தேச்சுவிட்டேன். தினமும் தேச்சுவிட்டேன். கையில கல்லு மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. எலும்புன்னு நினைச்சேன்.

கண்ணு மஞ்சளாச்சு. உடனே பேராவூரணிக்கு அந்தாண்ட ஒருத்தரு மஞ்சக்காமாலைக்குக் கண்ணுல மருந்து ஊத்துவாரு, அங்க கூட்டிட்டுப் போனேன். உப்பில்லாப் பத்தியம். மோரும் சோறும். அப்படி ஒரு மாசம் போச்சு. யாரோ சொல்லித் தவமணி வந்தான். அவுகளைப் பாத்தான். காரு கொண்டாந்து, அண்ணனைக் கைத்தாங்கலா ஏத்தி, இலக்கியாவைக் கூட உக்கார வச்சு, கூட்டிட்டுப் போயிட்டான். நான் பின்னால பஸ்ஸுல போனேன். இதே பஸ்ஸுதான்னு நினைக்கிறேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரரு. ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு, ஈரல்ல கட்டி இருக்கு, பெருசாயிடுச்சு, வெட்டியெடுக்குற கட்டம் தாண்டிடுச்சுன்னாரு. "குடிப்பாரா?"ன்னு கேட்டாரு.

"இல்ல சார்"னு மூணு பேரும் ஒண்ணாச் சொன்னோம். நானும் சொன்னேன். அன்னைக்கு நானும் சொன்னேன்.

"கூடப் பொறந்தவங்க யாருக்காவது ஹெபடைட்டிஸ் இருக்கா?"

"எனக்கு இருக்கு சார்"னான் தவமணி.

"அப்ப இவரை ஏன் பாக்கலை? ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன் எடுத்திருந்தா இது மொச்சைக்கொட்டை அளவுல இருக்கும்போதே புடிச்சிருக்கலாமே?"

தவமணி தலையக் குனிஞ்சுக்கிட்டான். இலக்கியா என்னையப் பாத்தா. எங்க வீட்டுக்காரருதான், "விடுங்க சார். எனக்கு நேரம் இல்லாமப் போச்சு. பட்டறை வேலை"ன்னாக. என் பேரைச் சொல்லல. கடைசிவரைக்கும் சொல்லல. சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். வயிறு ஊதுச்சு. மாமியாளைப் பாத்த மாதிரியே இருந்துச்சு. ஆஸ்பத்திரியில வயித்துத் தண்ணியை எடுத்துவிட்டுக்கிட்டு வருவோம், திரும்ப ஊதும். தவமணி லீவு போட்டுட்டு வந்து கூடவே இருந்தான். அவன்தான் தூக்குனான், தொடச்சுவிட்டான். தை மாசம் போயிட்டாக.

எனக்கு ஒண்ணு மட்டும் இன்னும் புரியலம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே கிருமி. ஒரே வயித்துலேருந்து வந்தது. ஒதுக்கி... ஒதுக்கல, தனியா வச்சிருந்தேன்ல, அவன் திடமா நடமாடுறான். மடியில வச்சுப் பாத்துக்கிட்ட மனுஷன் போயிட்டாக. அவன் ஒழுங்காப் போய்ப் பாத்துக்கிட்டான்னு டாக்டர் சொல்றாரு. அது சரிதான். ஆனா எனக்குப் புரியல.

கேதத்துக்கு வந்தவங்க சும்மா இருப்பாங்களா? என்ன வியாதி, என்ன வியாதின்னு ஒவ்வொருத்தரா வந்து காதுல கேக்குறாங்க. ஒரு பெரியவரு, "ஈரல் போச்சுன்னா குடிதான். வேற என்ன?"ன்னாரு. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. எனக்கு ஒரு நிமிஷம் தோணுச்சு. கிருமின்னு சொன்னா எம் பொண்ணு, பையன், எல்லாரையும் அந்தக் கண்ணோடதான் பாப்பாங்க. எங்க வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டாங்க. குடின்னு சொன்னா? ஊர்ல குடிக்காத வீடு எது? குடிச்சுச் செத்தவன் பொண்ணைக் கட்ட மாட்டேன்னு எவனும் சொல்ல மாட்டான். பாவம்னுதான் சொல்வாங்க.

"கொஞ்சம் பழக்கம் இருந்துச்சு"ன்னேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரே ஒரு வார்த்தை. மத்ததெல்லாம் ஊராச் சேத்துக்கிட்டது. பதினாறு முடியறதுக்குள்ள ஆளாளுக்கு அவுக குடிச்சதைப் பாத்திருக்காங்க. ஒருத்தரு பட்டறைக்குப் பின்னால பாத்தேன்னாரு. ஒருத்தரு அறந்தாங்கிக் கடையில பாத்தேன்னாரு. அந்த ரோஸ்மில்க்குல கலந்துதான் குடிப்பாருன்னு ஒருத்தரு சொன்னாரு. பக்கத்துப் பட்டறை கோவிந்தராசு, அவுகளுக்கு மச்சான் முறை வேணும், அவரு ஒருபடி மேல போயி, "நானும் மாப்ளையும் ஒண்ணாத்தான் உக்காருவோம், எனக்கு ஊத்திக் குடுத்துட்டுத்தான் அவன் குடிப்பான்"னு சொல்லிச் சொல்லி அழுதாரு. பொய்யா அழுகலம்மா. நெசமாவே அழுதாரு. பாசமான மனுஷன். அவருக்கு அப்படி ஒரு நெனைப்பு வந்துருச்சு.

தவமணி காதுலயும் விழுந்துச்சு. என்கிட்ட வந்து, "அண்ணி, யாரு இப்படிக் கெளப்பிவிட்டது?"ன்னான்.

"ஊரு பேசுது, நான் என்ன பண்ண?"ன்னேன்.

"நீங்க இல்லன்னு சொல்லலாம்ல?"

"சொன்னா அடுத்தாப்புல என்னன்னு கேப்பாங்க. உன் பேரும் சேந்துதான் வரும். நீ இன்னும் கல்யாணம் பண்ணணும்ல?"

அவன் சட்டை போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

கவின் அப்ப பதினொண்ணாவது படிச்சான். பள்ளிக்கூடத்துல யாரோ உங்கப்பன் குடிகாரன்னு சொல்லியிருக்கான். அடிச்சுக்கிட்டு ஒதட்டைக் கிழிச்சுக்கிட்டு வந்தான். "அம்மா, அப்பா குடிச்சாராம்மா?"ன்னு கேட்டான். தவமணியும் இலக்கியாவும் ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, அவங்களுக்குத் தெரியும். இவன் பரீச்சைன்னு வரல, இவனுக்கு எதுவும் தெரியாது. சின்னப் பையன் வாயில நிக்குமா? "எப்பவாச்சும் குடிப்பாரு"ன்னு சொல்லிட்டேன். அவன் அன்னைலேருந்து அப்பா போட்டோவுக்குப் பூ போட மாட்டான். வயசு அப்படின்னு விட்டுட்டேன்.

ஒரத்தநாடு வந்துருச்சு. எறங்குறவங்க எறங்கட்டும், கால மடக்கிக்கங்க.

வருஷம் திரும்புச்சு. மொத வருஷப் படையல். சொந்தக்காரங்க, தெருக்காரங்க எல்லாரையும் சொல்லியிருந்தேன். அப்ப இலக்கியாவுக்கு ஒரு எடம் பேச்சுல இருந்துச்சு, அந்தப் பக்கத்துக்காரங்களும் ரெண்டு பேரு வந்திருந்தாங்க. போட்டோவுக்கு முன்னால தலைவாழை எலை போட்டு, சோறு, கருவாட்டுக் குழம்பு, அவிச்ச முட்டை, அதிரசம், புது வேட்டி துண்டு, எல்லாம் வச்சாச்சு. இலக்கியா ஒரு கிளாஸ்ல ரோஸ்மில்க் கலந்து கொண்டாந்து வச்சா. சூடம் கொளுத்தப் போறோம். அப்ப கோவிந்தராசு எழுந்திரிச்சு வந்தாரு. குளிச்சு, விபூதி பூசி, மடியிலேருந்து ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்து, தொடச்சு, எலை ஓரத்துல வச்சாரு.

"தங்கச்சி, மாப்ளைக்குப் புடிச்சது. இது இல்லாம அவன் மனசு ஆறாது"ன்னாரு.

யாருக்கும் அது தப்பாத் தெரியல. எங்க பக்கம் வைக்கிறதுதான். செத்தவங்களுக்கு எது புடிக்குமோ அதை வைக்கிறது. தவமணிதான் எழுந்தான்.

"மச்சான், அதை எடுங்க."

"வருஷத்துக்கு ஒரு நாள்டா..."

"எங்கண்ணன் குடிக்க மாட்டாரு மச்சான்."

"டேய், நீ தஞ்சாவூர்ல இருக்கிறவன். உனக்கு என்ன தெரியும்? நான் கூட உக்காந்து குடிச்சவன்டா. நம்பலன்னா உங்க அண்ணிகிட்டக் கேளு."

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களும் பாத்தாங்க. தவமணி, "அண்ணி"ன்னான். அது மட்டும்தான் சொன்னான்.

"இருந்துட்டுப் போகட்டும் தம்பி. ஆசையா வச்சிருக்காரு"ன்னேன்.

தவமணி அப்படியே உக்காந்துட்டான். நான் சூடத்தட்டை எடுத்துக் கொளுத்துனேன். அப்பத்தான் இலக்கியா வந்தா. குனிஞ்சு அந்தப் பாட்டிலை எடுத்து, கோவிந்தராசு கையில குடுத்தா. மரியாதையாத்தான் குடுத்தா, ரெண்டு கையாலயும்.

"மாமா, எங்கப்பா இதைத் தொட்டதே இல்ல. அவருக்கு இருந்தது ஹெபடைட்டிஸ் பி. ஈரல்ல கிருமி இருந்து, பாக்காம விட்டுப் புத்துநோய் ஆயிருச்சு. எங்க அப்பத்தாவும் அதுலதான் செத்திருப்பாங்க. சித்தப்பாவுக்கும் அது இருக்கு, அவரு பாத்துக்கிட்டு நல்லா இருக்காரு. எனக்கு இருக்கான்னு தெரியாது. நாளைக்குப் போய்ப் பாக்கப் போறேன்."

சூடம் என் கையில எரிஞ்சுக்கிட்டு இருக்கு. கோவிந்தராசு பாட்டிலைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. அப்புறம் கேட்டாரு.

"அப்ப நான் யாருகூடம்மா குடிச்சேன்?"

யாரும் சிரிக்கல.

பாதிப்பேரு சாப்பிடாமப் போயிட்டாங்க. வேலை இருக்கு, மாடு கட்டணும், அப்படி இப்படின்னு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க செருப்பை மாட்டும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த எடம் அதோட போச்சு. நான் ஒரு வருஷமாக் கட்டி வச்சதை எம் பொண்ணே ஒடச்சுட்டா. அவளுக்காகத்தான் கட்டுனேன். இதை நான் யாருகிட்டச் சொல்ல?

கவின் கூடத்துல நின்னான். எல்லாரும் போனதும் என்கிட்ட வந்தான். "ஒரு வருஷமா அப்பா மேல கோவமா இருந்தேம்மா"ன்னான்.

"சாப்பிடு"ன்னேன்.

அவன் போட்டோவுக்கு முன்னால போய் உக்காந்துக்கிட்டான். எலையில இருந்த சோத்தை எடுத்து அவுக அப்பாவுக்கு வச்ச எடத்துலேருந்தே சாப்பிட்டான். எல்லாத்தையும் சாப்பிட்டான். பாத்துக்கிட்டே நின்னேன். அப்பவாவது எனக்கு அழுகை வந்திருக்கணும்ல?

மறுநாள் இலக்கியா தம்பியையும் கூட்டிக்கிட்டுச் சித்தப்பாவோட போயிட்டா. ரெண்டு பேருக்கும் இல்ல. பொறந்தப்பவே அம்மாகிட்டேருந்து வர்றதுதான் அதிகமாம், அவங்க அம்மா நானு. தடுப்பூசி போட்டுட்டு வந்தாங்க. மூணு தவணையாம். "நீ ஒருத்திதான் மிச்சம்"னா. நான் போகல. ஒரு மாசம் போகல. அதுக்கப்புறம் அவளே ஒரு நாள் என் சேலையெல்லாம் மடிச்சுப் பையில வச்சு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா. அவ என் கையைப் புடிச்சு ரொம்ப நாளாச்சு.

அங்க ஒரு டாக்டரம்மா. பாத்துட்டு, "உங்களுக்கு எப்பவோ வந்திருக்கு. உடம்பே அடிச்சு வெரட்டிருச்சு. இனிமே வராது"ன்னாங்க.

"எப்ப வந்துச்சு டாக்டர்?"

"அது தெரியாதும்மா. பெரியவங்க ஆனப்புறம் வந்தா அநேகமா உடம்பே வெரட்டிரும். பொறக்கும்போதே வந்தாத்தான் உள்ளயே தங்கிரும். உங்க வீட்டுக்காரருக்கு அப்படித் தங்கியிருக்கு."

வந்ததும் தெரியல, போனதும் தெரியல. ஒரே கட்டில்ல படுத்திருந்தோம். அவுககிட்டேருந்து என்கிட்ட வந்திருக்கு, என்னைய விட்டுப் போயிருக்கு. அவுகளை விட்டுப் போகல. டாக்டரம்மா, சந்தோஷமாப் போய்ட்டு வாங்கன்னாங்க. வெளிய வந்தேன். தவமணி டீ வாங்கிக் குடுத்தான். குடிச்சேன். சூடா இருந்துச்சா ஆறியிருந்துச்சான்னு கேட்டீங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியாது.

ஊர்ல முதல்ல கொஞ்ச நாளு எங்க வீட்டுப் பக்கம் ஒருத்தரும் வரல. நான் நினைச்சது நடந்துருச்சு பாத்தியான்னு இலக்கியாகிட்டச் சொல்லிக் காட்டுனேன். அப்புறம் ஒரு நாள் வெளக்கு வைக்கிற நேரத்துல கோவிந்தராசு பொண்டாட்டி சுந்தராம்பா வந்தா. உள்ள வந்து கதவைச் சாத்துனா. அவ கூடப் பொறந்தவன் ஒருத்தன் வயிறு ஊதிச் செத்தான், அவளோட அக்கா ஒருத்தியும் அப்படித்தானாம்.

"மதினி, அந்த ரத்தம் எங்க போய்ப் பாக்கணும்? யாருகிட்டயும் சொல்லிராதீங்க"ன்னா.

அடுத்த வாரம் இன்னொருத்தி. அவ மகன் மஸ்கட்டுக்குப் போறேன்னு போயிட்டுத் திரும்பி வந்தவன். ஏஜெண்ட்டு ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் சொன்னா. ஏஜெண்ட்டு ஏமாத்தல. மெடிக்கல்ல அன்ஃபிட்டு. அதுக்கப்புறம் இன்னொருத்தி. அவ மருமக மாசமா இருக்கா, ரத்தம் பாத்துட்டு இருக்குன்னு சொல்லிட்டாங்களாம். புள்ளை பொறந்த அன்னைக்கே ஊசி போட்டா அதுக்கு வராம தடுத்துறலாம்னு சொன்னாங்களாம். நெசந்தானான்னு என்கிட்ட வந்து கேக்குறா. நான் தவமணிக்குப் போன் போட்டுக் குடுத்தேன். எங்க ஊர்ல எத்தனை பேருக்கு விசா கேன்சல் ஆகியிருக்குன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. ஆளாளுக்குத் தட்டைத் தனியா வச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க.

என்னைய ஏன் கூப்பிடுறாங்கன்னா எனக்கு வழி தெரியும். எந்த ரூமு, எங்க சீட்டு வாங்கணும், எந்த டாக்டரம்மா திட்ட மாட்டாங்க, எல்லாம் தெரியும். வேற வேலையும் இல்ல. பட்டறையை மூடியாச்சு. அதனால வர்றேன். மத்தபடி எனக்கு ஒண்ணும் இல்லம்மா, மொதல்லயே சொன்னேன்ல.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வரப் போகுது. மெதுவாப் பாருங்க, திரும்பாமப் பாருங்க. டிரைவருக்குப் பின்னால பச்சைச் சேலை, அது சுந்தராம்பா. நடுவுல முழுகாம இருக்கிற பொண்ணு ஒண்ணு ஜன்னலோரம் உக்காந்திருக்கா, பக்கத்துல மாமியா. பின் படிக்கட்டுக்கிட்ட துண்டால மூஞ்சியத் தொடைக்கிற மாதிரி உக்காந்திருக்காரே, அது கோவிந்தராசு. அவரும் பாத்துக்கணும்னு வந்திருக்காரு. எல்லாரும் எங்க ஊருதான். காலையில ஒரே எடத்துல நின்னுதான் ஏறுனோம். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரித்தான் வர்றோம். தனித்தனியா டிக்கெட் எடுத்தோம்.

அந்தா, மரத்தடியில நிக்கிறான் பாருங்க. அதான் தவமணி. எறங்குனதும் அவன் முன்னால நடப்பான், திரும்பிப் பாக்க மாட்டான். நாங்க கொஞ்சம் கொஞ்சம் எடம் விட்டுப் பின்னால போவோம்.

நீங்க எந்த ஊருன்னு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன். நீங்களும் இங்கதான் எறங்குறீங்கன்னா, எனக்குப் பின்னால கொஞ்சம் தள்ளி வாங்க. எங்க கூட்டிட்டுப் போகணும்னு அவனுக்குத் தெரியும்.